கீமோ தொடங்கப் போகிறவர்களுக்கு: ஃபைல், பணம், நாள்கணக்கு

நரம்பு வழியாக ஏற்றும் கீமோ மருந்து தொடங்க இருப்பவர்களுக்கும் அவர்களுடன் இருப்பவர்களுக்கும் இது. எந்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்து என்பதை டாக்டர் சொல்வார். அதற்குப் பிறகு நோயாளியின் தலையில் வந்து விழுகிற வேலைகளைப் பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. கீமோவில் படும் அவஸ்தையில் ஒரு பங்கு மருந்தால் வருவது. இன்னொரு பங்கு, இன்று சைக்கிளில் (ஒரு சுற்று மருந்தும் அடுத்த சுற்றுவரை உள்ள இடைவெளியும் சேர்ந்தது) எத்தனையாவது நாள் என்று தெரியாமலும், கேட்ட காகிதம் கையில் இல்லாமலும் வருவது. இந்த இரண்டாவது பங்கைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

1. முதல் வேலை ஃபைல்

தடித்த ஒரு ஃபைல் வாங்கி, தேதி வரிசையில் அடுக்குங்கள். பழையது அடியில், புதியது மேலே. உள்ளே இருக்க வேண்டியவை:

- பயாப்சி ரிப்போர்ட், அதைத் தொடர்ந்து செய்த ஹார்மோன், ஹெர்2 (சில புற்றுநோய்களில் பார்க்கும் ஒரு புரதம்), மரபணு போன்ற சோதனைகளின் ரிப்போர்ட்
- ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும், படங்கள் அடங்கிய சிடியும்
- அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் அதன் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும்
- எல்லா ரத்தப் பரிசோதனைகளும்
- கீமோ மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை சைக்கிள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டம்
- காப்பீட்டுக் காகிதங்கள், அடையாள அட்டை நகல்கள்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு பக்கம் வையுங்கள். நோயின் பெயர், நிலை, மருந்துகள், கடைசி கீமோ தேதி, ஒவ்வாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைகள், டாக்டரின் அவசர எண். நள்ளிரவில் உங்களை அறியாத ஒரு டியூட்டி டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது அவர் படிக்கப்போவது இந்த ஒரு பக்கத்தைத்தான். ஒவ்வொரு சைக்கிளுக்குப் பிறகும் இதைத் திருத்துங்கள். போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

காகிதத்தில் வராத ஒன்று பிளாக். பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகுக்கட்டியில் பதித்து லேப் பத்திரமாக வைத்திருக்கும். அதிலிருந்து மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியதுதான் ஸ்லைடு. வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பமாட்டார்கள், ஸ்லைடையோ பிளாக்கையோ கேட்பார்கள். பல மாதம் கழித்து புதிய சோதனை ஒன்று தேவைப்படும்போதும் பிளாக்தான் வேண்டும். ஆகவே ஓரிடத்தில் கொடுக்கும்போது பிளாக் எண், எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு என்று எழுதிய ரசீது வாங்குங்கள். வேலை முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். கேட்காவிட்டால் அது அங்கேயே இருக்கும், அவசரத்துக்குக் கிடைக்காது. வெயிலிலும் சூடான வண்டிக்குள்ளும் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

ஸ்கேன் சிடியைக் கவுண்டரிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். வெறும் ரிப்போர்ட்டும் அச்சிட்ட படமும் போதாது. அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட டாக்டருக்கு முழுப் படத்தொகுப்பு, அதாவது டைகாம் வடிவக் கோப்பு, தேவை.

பெயர் எழுத்துப்பிழையைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். இனிஷியல் ஒரு ரிப்போர்ட்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால், அடையாள அட்டையில் வேறு மாதிரி என்றிருந்தால் காப்பீட்டு கிளெய்ம் அங்கேயே முட்டும். முதல் ரிப்போர்ட் கையில் வந்த அன்றே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

2. முதல் ஊசிக்கு முன்பே முடிக்க வேண்டியவை

கீமோ தொடங்கிய பிறகு செய்ய முடியாத, அல்லது செய்தால் ஆபத்தான காரியங்கள் சில உண்டு. தேதி குறிக்கும்போதே டாக்டரிடம் இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

பல்: சொத்தையும் ஈறு வீக்கமும், கீமோவால் வெள்ளணு (தொற்றை எதிர்க்கும் ரத்த அணு) குறையும் நாட்களில் பெரிய தொற்றாக மாறும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் புண் ஆற இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். எலும்புக்கான ஊசிகள் திட்டத்தில் இருந்தால் பல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். அந்த ஊசிகளுக்குப் பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

குழந்தைப்பேறு: பல கீமோ மருந்துகள் கருவுறும் திறனைக் குறைக்கும். விந்தணுவைச் சேமிக்கச் சில நாட்கள் போதும். கருமுட்டை சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கேட்கக் கூச்சப்பட்டால் அந்த இரண்டு வாரம் கைநழுவிவிடும். டாக்டர் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்வதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஹெபடைடிஸ் பி சோதனை: உடலில் சத்தமில்லாமல் கிடக்கும் இந்த வைரஸ் கீமோவின்போது விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கும். எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் அதற்கான மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இதயம்: டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்றவை திட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்தான் பின்னால் வருபவற்றோடு ஒப்பிடும் அடிப்படை. தொலைக்காதீர்கள்.

தடுப்பூசி: ஃப்ளூ போன்ற உயிரற்ற தடுப்பூசிகளை முதல் கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டால் பலன் அதிகம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கீமோ காலத்தில் கூடாது.

பிறகு ஊசி ஏறும் வழி. இரண்டு மூன்று சைக்கிளுக்குப் பிறகு கை நரம்புகள் கெட்டித்துப் போய் கிடைக்காமல் அல்லாடுவது வழக்கம். நீண்ட சிகிச்சை என்றால் போர்ட் அல்லது பிக் லைன் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் நரம்பு தேடாமல் மருந்து ஏற்ற, பெரிய நரம்புக்குள் வைத்துவிடும் குழாய்கள் இவை. போர்ட் தோலுக்கு அடியில் இருக்கும், குளிக்கலாம். பயன்பாட்டில் இல்லாதபோது சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவிவிட்டால் போதும். ஆனால் வைக்கவும் எடுக்கவும் சிறிய அறுவை வேண்டும், செலவு கூடுதல். பிக் லைன் கையில் வெளியே தெரியும். வைப்பது எளிது, வாரந்தோறும் கட்டு மாற்றிக் கழுவ வேண்டும். நனையக் கூடாது.

மூலிகை, சத்து மாத்திரை எது சாப்பிட்டாலும் பட்டியலில் எழுதுங்கள். அவற்றில் சில, கீமோ மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும், சில குறைத்துவிடும்.

3. பணம்: எல்லாம் எழுத்தில்

“ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு?” என்று கேட்டால் மருந்தின் விலையைத்தான் சொல்வார்கள். முழுச் செலவு அது இல்லை. எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், அதில் இவை தனித்தனியாக இருக்கட்டும்: கீமோ மருந்து, கூடவே ஏற்றும் வாந்தித் தடுப்பு, ஒவ்வாமைத் தடுப்பு ஊசிகள், படுக்கைக் கட்டணம், டாக்டர் கட்டணம், சைக்கிளுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகள், வெள்ளணு ஊசி (வெள்ளணுவைக் கூட்டப் போடுவது), இடையில் எடுக்கும் ஸ்கேன், போர்ட். இதற்கு மேல், காய்ச்சலுக்காகத் திடீரென்று ஒருமுறை அட்மிட் ஆக நேரும் என்று வைத்து ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். குடும்பத்தின் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த அட்மிஷன்தான்.

மருந்து குப்பிகளில் வரும், உங்கள் அளவு குப்பிக்குச் சரியாகப் பொருந்தாது. 130 மில்லிகிராம் தேவை, குப்பி 100 மில்லிகிராம் என்றால் இரண்டு குப்பிக்கு பில் வரும். 100-ம் 30-ம் என்று இரண்டு அளவில் குப்பி கிடைத்தால் மிச்சம். எந்தெந்த அளவில் வருகிறது என்று மருந்தகத்தில் கேட்பதில் தவறில்லை. அதே மூலக்கூறு வேறு நிறுவனத்தின் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்பதையும் டாக்டரிடம் நேரடியாகக் கேட்கலாம். வெளியே வாங்கிவந்து கொடுக்கலாம் என்று மருத்துவமனை ஒப்புக்கொண்டால், பேட்ச் எண்ணுள்ள பில் இல்லாமல் வாங்காதீர்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்றால் கடையிலிருந்து கை மாறும்வரை குளிர்ப்பெட்டி வேண்டும்.

காப்பீடு இருந்தால் பாலிசியில் பார்க்க வேண்டியவை: ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், ஒரே நாளில் வீடு திரும்பும் டே கேர் கீமோவுக்கு உண்டா, வாய்வழி மாத்திரைக்கு உண்டா, கோ-பே (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், அறை வாடகைக்கும் தனித்தனி இனங்களுக்கும் உச்சவரம்பு. முன் அனுமதி வாங்க வேண்டிய பாலிசி என்றால், பெரும்பாலும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். காலையில் ஊசிக்குப் போய் உட்கார்ந்த பிறகு அனுமதிக்குக் காத்திருந்தால் அன்றைய நாளே போய்விடும். சில நாள் முன்பே காகிதத்தை அனுப்புங்கள். பணம் கட்டித் திரும்பப் பெறும் முறையில் அசல் பில், மருந்துச்சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் கேட்பார்கள். அசலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கிளெய்முக்குக் கடைசி நாள் உண்டு. ஆறு சைக்கிளும் முடியட்டும், மொத்தமாகப் போடலாம் என்று இருந்தவர்கள் முதல் இரண்டு சைக்கிளின் பணத்தை இழக்கிறார்கள்.

4. நாள்கணக்கு

ஒரு சைக்கிள் பெரும்பாலும் 21 நாள். சில திட்டங்கள் 14 அல்லது 28 நாள், சிலவற்றில் வாரம் ஒருமுறை. ஊசி ஏறும் நாளை 1 என்று வைத்து காலண்டரில் எண்களை எழுதிவிடுங்கள். 21 நாள் சைக்கிள் பெரும்பாலும் இப்படி நகரும்:

நாள் 1 முதல் 5 வரை குமட்டல், களைப்பு, மலச்சிக்கல். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் முதல் சில நாள் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். அதை நிறுத்தியதும் உடல் அடித்துப் போட்டதுபோல் ஆகும்.

நாள் 7 முதல் 14 வரை வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும் காலம். குமட்டல் போய், பசி திரும்பி, ஆள் தெளிவாக இருப்பார். வெளியே கிளம்பத் தோன்றுவது இப்போதுதான், தொற்றுக்கு மிக எளிதாக இடம் கொடுப்பதும் இப்போதுதான். வாய்ப்புண்ணும் ஏறக்குறைய இந்த நாட்களில் வரும்.

நாள் 15 முதல் 21 வரை மீளும் வாரம். விசேஷங்கள், வங்கி வேலை, ஆபீஸ் போவது எல்லாவற்றையும் இங்கே தள்ளுங்கள்.

முடி கொட்டும் வகை மருந்து என்றால் முதல் ஊசிக்கு இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்னதாகவே கட்டையாக வெட்டிக்கொண்டால் கொத்தாக உதிர்வதைப் பார்க்கும் வேதனை குறையும்.

ஒவ்வொரு ஊசிக்கும் 1 முதல் 3 நாள் முன்பு ரத்தப் பரிசோதனை. அதில் வெள்ளணு மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். தொற்றை எதிர்ப்பதில் முன்னால் நிற்பது நியூட்ரோஃபில் என்ற வகை. மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். மொத்தம் 2,000, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 600. 500-க்குக் கீழே போனால் மிகவும் ஆபத்தான நிலை. அடுத்த ஊசிக்குப் பொதுவாக 1,000 முதல் 1,500 வரையாவது இருக்க வேண்டும், தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) 75,000 முதல் 1,00,000 வரையாவது வேண்டும். உங்கள் மருந்துக்கான எல்லையை டாக்டரிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வெள்ளணு ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் நேரம் முக்கியம். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் போட வேண்டும். மறுநாள் இன்னொரு முறை வரச் சோம்பல்பட்டு அன்றே போடச் சொல்லாதீர்கள். புதிதாகப் பிரியும் அணுக்களைக் கீமோ மருந்து அழித்துவிடும். ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பையில் கொண்டுபோகும்போது ஐஸ்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். போட்ட பிறகு இடுப்பும் முதுகும் வலித்தால் அது எலும்பு மஜ்ஜை வேலை செய்வதால் வருவது, பயப்பட வேண்டாம்.

5. ஊசி ஏறும் நாள்

எடையை அன்றைக்கு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். உயரம், எடை இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலான மருந்துகளின் அளவைக் கணக்கிடுகிறார்கள். எடை பத்து சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தால் கணக்கும் மாற வேண்டும். பையைத் தொங்கவிடும் முன் உங்கள் பெயரையும் மருந்தின் பெயரையும் நர்ஸ் உரக்கப் படிக்கட்டும்.

மருந்து ஏறும்போது கையில் எரிச்சல், வலி, வீக்கம் எது வந்தாலும் அந்த நிமிடமே சொல்லுங்கள். டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்றவை நரம்பைவிட்டுக் கசிந்தால் சதையை அரித்துவிடும். “பொறுத்துப் பார்ப்போம்” என்று இருக்கக் கூடாத இடம் இது. பாக்லிடாக்சல் முதல் இரண்டு முறை ஏறும்போது, தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவப்பது, நெஞ்சு இறுகுவது, முதுகு வலிப்பது ஒவ்வாமையின் அடையாளம்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. டாக்சோரூபிசினுக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். ஆக்சாலிபிளாட்டினுக்குப் பிறகு சில நாள் குளிர்ந்த நீரையும் உலோகத்தையும் தொட்டால் விரல் சுரீர் என்னும், குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகும். ஃபிரிட்ஜைத் திறக்கக் கையுறை போடுங்கள், குடிப்பது எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

6. காய்ச்சல்

இந்த ஒரு பகுதியை மட்டும் வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டால் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். விடியட்டும், நாளை ஓ.பி.யில் காட்டலாம் என்பது இங்கே செல்லாது. வெள்ளணு இல்லாத உடலில் தொற்று சில மணி நேரத்திலேயே ரத்தம் முழுக்கப் பரவும்.

பெரும்பாலும் நடக்கும் தவறு பாராசிட்டமால். உடம்பு சுடுகிறது என்று ஒன்றைப் போட்டால் சூடு இறங்கும், தொற்று இறங்காது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் போடக் கூடாது, பார்த்த பிறகும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஸ்டீராய்டும் காய்ச்சலை மறைக்கும். அதனால் காய்ச்சல் இல்லாமலேயே நடுக்கம், மயக்கம், மூச்சிரைப்பு, குழப்பம் இருந்தாலும் அதே அவசரம்தான். போர்ட்டில் எதையாவது ஏற்றிய சிறிது நேரத்தில் நடுக்கம் வந்தால் போர்ட்டில் தொற்று இருக்கலாம்.

அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது: “கீமோவில் இருக்கிறேன், கடைசி ஊசி இந்தத் தேதி, இவ்வளவு காய்ச்சல்.” வெறும் “காய்ச்சல்” என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுக்காக அதை நிறுத்தி வைப்பதில்லை. ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பது, மருந்து வைப்பது, எனிமா எதுவும் கூடாது.

மாற்றுத் துணி, சார்ஜர், ஃபைலின் நகல், காப்பீட்டு அட்டை ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். உங்கள் மருத்துவமனை தூரம் என்றால், இரவில் போக அருகில் எந்த இடம் என்று முதல் சைக்கிளிலேயே டாக்டரைக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

7. குமட்டல், வயிறு, வாய்

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். எழுதிய நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும், எழுதிய நாள்வரை போடுங்கள். முதல் நாள் ஒன்றும் இல்லையே என்று நிறுத்துகிறவர்கள் மூன்றாம் நாள் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை வரும் குமட்டல் தனி வகை. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் வேறு வகை மருந்துகள் பல இருக்கின்றன. அடுத்த சைக்கிளுக்கு முன்பே சொன்னால் மாற்றித் தருவார்கள்.

ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து மலச்சிக்கல் தரும், வின்கிரிஸ்டினும் தரும். மலமிளக்கியை முதல் நாளே தொடங்கலாமா என்று கேளுங்கள். மறுபுறம், வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு போனால் அன்றே போன் செய்யுங்கள். உடல் வற்றினால் சிறுநீரகம் கெடும்.

வாய்க்கு மென்மையான பிரஷ், ஆல்கஹால் இல்லாத கழுவல். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளியுங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். தண்ணீர்கூட விழுங்க முடியாத புண் என்றால் அது டாக்டர் பார்க்க வேண்டிய புண்.

விரல் மரத்துப்போவதை, பட்டன் போட முடியாததை அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால் சில நேரம் அந்த மரப்பு சிகிச்சை முடிந்த பிறகும் போகாது.

8. வீட்டில் முதல் 48 மணி நேரம்

மருந்தின் மிச்சம் சிறுநீர், மலம், வாந்தியில் வெளியேறும். கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். சுத்தம் செய்பவர் கையுறை போடட்டும், கறைபட்ட துணியைத் தனியாகத் துவைக்கட்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். மற்றபடி தொடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ யாருக்கும் ஒன்றும் ஆகாது.

9. சைக்கிள் தள்ளிப்போனால்

ரத்த அணுக்கள் ஏறாததால் ஒரு வாரம் தள்ளிப்போவது சாதாரணம். நீங்களாகத் தள்ளிப்போடுவது வேறு விஷயம். விசேஷம், பயணம் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிச் சில நாள் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள், வராமல் இருந்துவிடாதீர்கள். தள்ளிப்போனதும் நாள்கணக்கை அழித்து மறுபடி எழுத வேண்டும். காப்பீட்டு முன் அனுமதியின் தேதியையும் விடுமுறைக் கடிதத்தின் தேதியையும் மாற்ற வேண்டும். இந்த இரண்டும்தான் மறந்துபோகும். ஆபீஸ் கடிதத்தில் தேதிகளோடு “அணுக்களைப் பொறுத்து மாறலாம்” என்று ஒரு வரி சேர்த்து எழுதித் தரச் சொன்னால், ஒவ்வொரு முறையும் புதுக் கடிதத்துக்கு அலைய வேண்டாம்.

10. கடைசி ஊசிக்குப் பிறகு வாங்க வேண்டியவை

கடைசி ஊசிக்குப் பிறகும் வெள்ளணு இறங்கும். காய்ச்சல் விதி இன்னும் மூன்று நான்கு வாரம் அப்படியே இருக்கும்.

சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாங்குங்கள். அதில் ஒவ்வொரு மருந்தும் மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது என்பது இருக்க வேண்டும். டாக்சோரூபிசினுக்கு ஆயுள் முழுவதற்கும் ஓர் உச்ச அளவு உண்டு, பின்னால் எப்போதாவது மறுபடி தேவைப்பட்டால் இந்த எண்ணைத்தான் தேடுவார்கள். போர்ட்டை எப்போது எடுப்பது, எடுக்கும்வரை யார் கழுவுவது, அடுத்த ஸ்கேன் எந்த மாதம், எக்கோ தொடர வேண்டுமா என்பதையும் அதே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கொடுத்து வைத்த பிளாக்கையும் ஸ்லைடையும் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற்று, கடைசி கிளெய்மின் நகலோடு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.